பெய்ஜிங்கா, ஜின்ஹுவாவா?

ஆப்பிரிக்காவை ஆராயும் சீன நிறுவனங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று, தலைநகர் பெய்ஜிங்கில் உள்ள சீன-ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம். மற்றது, கிழக்குச் சீனாவின் ஜின்ஹுவா நகரில் ஜெஜியாங் ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம். ஆப்பிரிக்காவை அறிய இரண்டில் எதை நம்பிப் போகலாம்?

பெய்ஜிங் நிறுவனம் மேலிடத்துப் பிள்ளை. 2018 செப்டம்பரில், ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியிருந்த உச்சி மாநாட்டில் ஷி ஜின்பிங் அதை அறிவித்தார். 2019 ஏப்ரலில் அவருடைய வாழ்த்துக் கடிதத்தோடு திறந்தார்கள். தாய் வீடு, அரசின் ஆய்வு அமைப்பான சீன சமூக அறிவியல் கழகம். அங்கே 1961 முதலே மேற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுப் பிரிவு இருக்கிறது. பலகைதான் புதுசு என்று சொல்லலாம். அமைச்சர்களையும் தூதர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டுமா? இதற்கு நிகர் இல்லை.

ஜின்ஹுவாவின் கதை வேறு. நிறுவனம் தொடங்கியது 2007இல்தான். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 1990களிலேயே கேமரூன் தலைநகர் யாவுண்டேவுக்குப் போய்ச் சீன மொழி சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பறையில் தொடங்கிய பழக்கம் அது. 2011இல் சீன-ஆப்பிரிக்க சிந்தனைக் குழுக்கள் (கொள்கை ஆய்வு அமைப்புகள்) மன்றத்தைத் தொடங்கியதும் இவர்கள்தான். 2024 மார்ச்சில் அந்த மன்றம் தான்சானியாவில் கூடியபோது, இரு பக்கத்து அறிஞர்களும் 'தார் எஸ் சலாம் ஒருமித்த கருத்து' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். அப்புறம், சின்னச் சின்னப் பொருட்களுக்கான உலகின் மாபெரும் மொத்தச் சந்தை இருக்கும் யிவு நகரம், ஜின்ஹுவாவின் நிர்வாகத்துக்குள்தான் வருகிறது. சரக்கு வாங்க அங்கே வந்துபோகும் ஆப்பிரிக்க வியாபாரிகள் ஏராளம். ஆராய்ச்சிக்கு ஆள் தேடி விமானம் ஏற வேண்டியதில்லை.

என் ஓட்டு ஜின்ஹுவாவுக்கு. ஆப்பிரிக்கர்களோடு நேரடிப் பழக்கம் இருப்பதற்காக; சுதந்திரமான குரல் என்பதற்காக அல்ல. இரண்டுமே அரசுப் பணத்தில் நடப்பவை. பெய்ஜிங்கின் கொள்கையை வெளிப்படையாக மறுத்து எழுதுவார்கள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

சரி, சாதாரண ஆப்பிரிக்கர் என்ன நினைக்கிறார்? அதற்கு இந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவிலேயே இயங்கும் கருத்துக்கணிப்பு அமைப்பான ஆஃப்ரோபாரோமீட்டரிடம் போவது நல்லது. 2014-15இல் 36 நாடுகளில் அது எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் தங்கள் நாட்டில் சீனாவின் செல்வாக்கு நல்லதே என்றார்கள். சீனாவின் பெயரைக் கெடுப்பது எது என்று கேட்டதற்கு முதலிடம் பிடித்த பதில், பொருட்களின் தரம். ஜின்ஹுவா பேராசிரியர்கள் அதைப் பற்றி விசாரிக்க யிவு சந்தை வரை போனால் போதும்.