ஒரே பிள்ளைகளோடு எத்தனை இரவுகள்? காண்டர்ஸ்டெக்கும் மேய்ன் கோடை முகாமும்

சாரணர் இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் காண்டர்ஸ்டெக் என்ற பெயரைக் கேட்டாலே மனம் பரபரக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதியில் 1923இல் தொடங்கப்பட்ட உலகச் சாரணர் மையம் அது. ஆண்டு முழுவதும் உலகச் சாரணர்கள் கூடும் இடம் ஒன்று வேண்டும் என்ற, இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் கனவு அங்கேதான் உருவம் பெற்றது. எனக்கும் அங்கே தொண்டராகப் போகத்தான் ஆசை. ஆனால் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், ஏரிக்கரையில் இருந்த சிறுவர் கோடை முகாம் ஒன்றுக்கு. இரண்டு கோடைகள் அங்கே பிள்ளைகளைப் பொறுப்பேற்றுக் கவனிக்கும் கவுன்சலராக இருந்தேன். என்னோடு சாரணர் இயக்கத்தின் ராஷ்டிரபதி விருது வாங்கிய தோழி காண்டர்ஸ்டெக்குக்குப் போனாள். திரும்பி வந்தபின் இருவரும் மணிக்கணக்கில் பேசிப் பார்த்ததன் சாரம் இது. காண்டர்ஸ்டெக்கை நான் அவள் கண்களால்தான் அறிவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்சியழகில் இரண்டும் குறைந்தவை அல்ல. காண்டர்ஸ்டெக்கில் 1,578 மீட்டர் உயரத்தில் ஓஷினன் ஏரி. மேய்னில் கட்டாடின் மலையும் கணக்கற்ற ஏரிகளும் இரவெல்லாம் கூவும் லூன் என்ற நீர்ப்பறவைகளும். சாப்பாடும் தங்குமிடமும் இரண்டிலும் கிடைக்கும். கைச்செலவுக்குக் கிடைக்கும் பணத்தை நம்பி யாரும் போகக்கூடாது. விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்தால் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியையும் யோசித்தேன். நாமே பணம் திரட்டிக் கட்டிவிட்டுப் போகும் சாகசப் பயணங்கள். அவற்றில் பெயர்பெற்றது 1984இல் ‘ஆபரேஷன் ராலி’ என்று தொடங்கி, பிறகு ராலி இன்டர்நேஷனல் ஆன அமைப்பு. அந்த அறக்கட்டளை 2022இல் மூடப்பட்டது. பிறகு வேறொரு நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. முன்பணம் கட்டிப் போகும் எந்தத் திட்டத்திலும், நடத்துபவர் யார், பணம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும். எனக்கு அவ்வளவு பணம் திரட்டும் வழியில்லை. அதனால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

எனவே இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி. இதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஒரே பிள்ளைகளோடு தொடர்ந்து எத்தனை இரவுகள் இருக்கப்போகிறோம்?

காண்டர்ஸ்டெக்குக்கு வரும் குழுக்கள் தங்கள் சாரணத் தலைவர்களோடுதான் வருகின்றன. சில நாட்களோ ஒரு வாரமோ தங்கிவிட்டுப் போய்விடுகின்றன. அங்கே ‘பிங்கி’ என்று அழைக்கப்படும் குறுகிய காலத் தொண்டர்கள் மலை நடைக்கு வழிகாட்டுவார்கள், வரவேற்பு மேசையில் இருப்பார்கள், சமையலறையிலும் துப்புரவிலும் முறை வைத்து வேலை செய்வார்கள். என் தோழி ஓஷினன் ஏரிக்கு எத்தனை முறை குழுக்களை அழைத்துப் போனோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டாளாம். காலையில் பெயர் கேட்ட பிள்ளை மாலையில் கையசைத்துவிட்டுத் தன் தலைவரிடம் போய்விடும். அன்றைய நடையில் அந்தப் பிள்ளைக்குள் என்ன நடந்தது என்பது அந்தத் தலைவருக்குத்தான் தெரியவரும்.

மேய்னில் எனக்குக் கிடைத்தது ஒரு கேபின் (தங்கும் குடில்), பதினொரு வயதுப் பையன்கள் பத்துப் பேர், மூன்றரை வாரம். தூங்குவது, சாப்பிடுவது, கனூ என்ற துடுப்புப் படகு ஓட்டுவது, சண்டை தீர்ப்பது, நள்ளிரவில் வீட்டை நினைத்து அழுபவனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர்களோடுதான்.

இதனால் என்ன வேறுபாடு என்பதை ஒரு பெட்டியை வைத்துச் சொல்கிறேன். மேய்ன் கனூ பயணங்களில் சமையல் சாமான்களை ‘வானிகன்’ என்ற மரப்பெட்டியில் அடுக்குவார்கள். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தரைவழியாகச் சுமந்து போகும் பாதைக்குக் ‘கேரி’ என்று பெயர். பெட்டியை முதுகில் சாய்த்து, அதைத் தாங்கும் தோல்வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முதல் பயணத்தில் ஒரு பையன் பாதி வழியில் பெட்டியைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். எடுத்துச் சுமக்க நான் குனிந்தேன். பயணத் தலைவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. கொசுக்கடியில் இருபது நிமிடம் காத்திருந்தோம். அவனே எழுந்து தூக்கினான். அன்றிரவு தீயைச் சுற்றி உட்கார்ந்து ‘ரோஜா, முள், மொட்டு’ சொன்னோம்: அன்றைக்குப் பிடித்தது ஒன்று, உறுத்தியது ஒன்று, நாளைக்கு எதிர்பார்ப்பது ஒன்று. அவன் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது பயணம். அதே பெட்டியை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். வாரை நெற்றியில் மாட்டாமல் சற்று மேலே, முடி தொடங்கும் இடத்துக்குப் பின்னால் உச்சியில் வைத்தான். நிற்காமல் நடந்து முடித்தான். இரவு வட்டத்தில், “அன்றைக்கு யாரும் உதவவில்லை என்று உங்கள் எல்லோர்மீதும் கோபமாக இருந்தேன். பெட்டி கனமில்லை, வார்தான் கீழே இருந்தது” என்றான். பிறகு பக்கத்தில் இருந்தவனுக்கு மாட்டிக் காட்டினான்.

அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்வது, புரிந்ததை மீண்டும் செய்து பார்ப்பது என்று கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய சுழற்சி இதுதான். இது ஒரே மாலையில் முடிவதில்லை. கர்ட் ஹானும் லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது ஒரு மாதப் பயிற்சியாக வைத்ததன் பொருள் எனக்கு அந்த இரவில்தான் விளங்கியது. ஒருநாள் நடையில் முதல் பாதியைத்தான் நாம் பார்க்க முடியும்.

பிள்ளைகளோடு இருக்க விரும்புபவர்களுக்கு அமெரிக்க விசா விதியும் துணை நிற்கிறது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் முகாம் கவுன்சலருக்கென்று தனிப் பிரிவு உண்டு. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். அந்தப் பிரிவில் வருபவரைச் சமையற்காரராகவோ பாத்திரம் கழுவுபவராகவோ அலுவலகப் பணியாளராகவோ அமர்த்தக்கூடாது என்பது விதி. பிள்ளைகளோடு இருப்பதுதான் வேலை. ஆனால் ஏற்பாட்டு நிறுவனங்கள் ‘முகாம் உதவிப் பணியாளர்’ என்றும் இடம் தருகின்றன. அது வேறு பிரிவு, சமையலறை வேலை. கல்லூரித் தம்பி ஒருவர் இரண்டும் ஒன்றென்று எண்ணிக் கையெழுத்திட இருந்தார். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே நேர்காணல் வரிசையில் நிற்பதற்கு முன்பே, படிவத்தில் எந்தப் பிரிவு என்று படித்துவிடுங்கள்.

முகாமில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வாரத்துக்கு ஒருநாள்தான் ஓய்வு. முதல் கோடையில் எங்களுக்குப் படகு கவிழ்ந்தால் மீட்பதற்கும் நீச்சல் கண்காணிப்புக்கும் நல்ல பயிற்சி தந்தார்கள். இரவு வட்டத்தை எப்படி நடத்துவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பயணத் தலைவரைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். அவர் இல்லாத கேபின்களில் அந்த வட்டம் இரண்டு நிமிடச் சடங்காக முடிந்துபோனதையும் கண்டேன். நான் அறிந்தது ஒரே முகாம், அதுவும் பையன்கள் முகாம். பெண்கள் முகாம்கள் எப்படி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பல நாட்டுத் தொண்டர்களோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், ஒரு பெரிய மையம் எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் காண்டர்ஸ்டெக்கையே சொல்வேன். இரவும் பகலும் பிள்ளைகளின் பொறுப்பைச் சுமக்கத் தயக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே பொருத்தம். தோழிக்கு அந்த இடத்தின்மேல் காதல் குறையவேயில்லை. குளிர்காலத் தொண்டுக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். பனிக்காலப் பணி பற்றி எனக்கு எதுவும் தெரியாது; திரும்பி வந்ததும் அவளையே எழுதச் சொல்கிறேன்.