சுடும்போது தானாகத் திறந்துகொள்ளும் டபுள் பேரல்: ‘புது போல்ட்’ என்று ஏமாற்றும் ரிப்பேர் கடை

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பன்றிக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சுட்டவுடன் குழல் தானாக மடிந்து திறந்துகொள்கிறது என்று கொண்டுபோனால், குழலைப் பூட்டிப் பிடிக்கும் பழைய போல்ட்டையே காய்ச்சி அடித்து நீட்டி, ‘புது போல்ட்’ என்று காசு வாங்கும் கடை ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும்.

என்னுடையது அப்பா காலத்து 12 போர், பக்கம் பக்கமாக இரண்டு குழல், மேலே கட்டைவிரலால் தள்ளும் லீவர். அப்பாவுக்கு 70 வயது தாண்டியதும் வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்றினோம். 2022 மே மாதம், காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தது அல்லவா, அதன் பிறகுதான் பீரோவில் எண்ணெய் பூசிக் கிடந்தது வெளியே வந்தது.

மக்காச்சோளக் காட்டோரம் வலது குழலைச் சுட்டேன். சத்தத்தோடு சத்தமாக லீவர் விலகி, குழல் கீழே தொங்கிவிட்டது. முகத்தில் புகை, கண்ணில் எரியாத மருந்துத்தூள், காலித் தோட்டா பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. பன்றி போனது போகட்டும்.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரக்கட்டுப்பாடு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 740 பார். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார் சுமாருக்குத்தான் வரும். அந்த அழுத்தம் தோட்டாவின் அடியைப் பின்னால் தள்ளுகிறது. குழலின் நடுக்கோடு கீல் ஆணிக்கு மேலே இருப்பதால், சுடும்போது குழல் கீல் ஆணியைச் சுற்றி மடியத்தான் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பொருள்: குழலுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கட்டிகளில் வெட்டிய பள்ளங்களுக்குள் முன்னால் ஓடி உட்காரும் போல்ட். இங்கிலாந்தில் துப்பாக்கி செய்யும் பர்டி 1863-இல் காப்புரிமை எடுத்த அமைப்பு இது. இன்றைக்கும் பக்கவாட்டு இரட்டைக்குழலில் பாதிக்கு மேல் இதன் வழிதான். போல்ட்டும் பள்ளமும் முழு அகலத்துக்கு ஒட்டவில்லை என்றால் என்ன ஸ்பிரிங் போட்டாலும் திறக்கும்.

கடைக்கு ரிப்பேர் லைசென்ஸ் இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறையிலோ கொல்லரிடமோ கொடுத்தால் அவரும் மாட்டுவார், நாமும் மாட்டுவோம். கடைக்காரர் துப்பாக்கியைத் திறந்து மூடி, லீவரை ரெண்டு தடவை தட்டிப் பார்த்தார். “ஒண்ணுமில்லண்ணா, ஸ்பிரிங் வீக்கு. லாக் போல்ட்டும் தேஞ்சிருக்கு. ரெண்டும் புதுசு போட்டா அடுத்த தலைமுறைக்கும் ஓடும்.” முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டையை, கழற்றவே இல்லை. விளக்குப் பிடித்துப் பார்க்கவும் இல்லை. 7,500 ரூபாய். ரிஜிஸ்டரில் எழுதினார், எனக்குக் கொடுத்தது பெயர் கூட அச்சடிக்காத துண்டுச் சீட்டு. பில் கேட்டால் “ஜிஎஸ்டி சேர்த்தா உங்களுக்குத்தான் நஷ்டம்” என்ற பழைய பாட்டு.

திரும்ப வாங்கும்போது பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்தார். மடக்கி மூட இரண்டு கையும் பலமாகப் போட வேண்டியிருந்தது. “பாத்தீங்களா, ஷோரூம் பீஸ் மாதிரி டைட்டு” என்றார். பழைய போல்ட்டைக் கேட்டேன். “அது தேஞ்ச இரும்புண்ணா, குப்பைல போயாச்சு.”

பஞ்சாயத்து அனுமதியோடு அடுத்து போனபோது கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதே கதை, இந்த முறை இடது குழல். கடைக்குப் போனால் தோட்டா மேல் பழி. “ஹெவி லோடு போட்டிருப்பீங்க. உங்களோடது 65 மில்லி சேம்பர், 70 மில்லி தோட்டா தாங்காது.” சேம்பர் என்றால் தோட்டா உட்காரும் அறை. குழலின் அடித்தட்டையில் 70 என்று முத்திரையே இருக்கிறது, அவர் முன்னாலேயே காட்டினேன். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: “திருப்தி இல்லைன்னா கோயம்புத்தூர்ல காட்டுங்களேன். ஓ, உங்க லைசென்ஸ் கேரளாவுக்கு மட்டும்தானே?”

எல்லையில் குடியிருக்கிறவனுக்குத்தான் இந்தக் குத்து புரியும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறோம். துப்பாக்கி மட்டும் லைசென்ஸில் எழுதியிருக்கும் பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் முதலில் பரப்பை நீட்டி வாங்க வேண்டும். பக்கத்து ஊர்க் கடைக்குப் போக வழியில்லை என்று தெரிந்துதான் இவர்கள் இப்படிப் பேசுகிறார்கள்.

கேரளத்துக்குள்ளேயே தெற்கே வேறொரு மாவட்டத்தில் வயதான மேஸ்திரி ஒருவரைக் கண்டுபிடித்துப் போனேன். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு, அவசரமே இல்லாத கை. அவர் செய்த ஒவ்வொன்றையும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். இதைத்தான் நீங்களும் எந்தக் கடையிலும் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு அறையும் காலி என்று பார்த்தபின் முதலில் முன்கட்டையைக் கழற்றினார். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் குழலை இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடுமாம். கழற்றியதும் கீல் ஆணியில் உட்காரும் அரைவட்டத்தில் ஏதோ மின்னியது. ஊசியால் நெம்பினார். கசங்கிப்போன பித்தளைத் தகட்டுத் துண்டு! ‘ஷோரூம் பீஸ் டைட்டு’ வந்த வழி அதுதான். தகடு குழலை, அதன் பின்வாயை மூடி நிற்கும் பின்முகத்தோடு அழுத்தும், மூடும்போது கைக்கு இறுக்கமாகத் தெரியும். நாலு தடவை சுட்டால் நசுங்கிவிடும். போல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தகடு போனபின் குழலை ஆட்டினால் ‘டிக் டிக்’ என்று சத்தம்; பின்முகத்துக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

அடுத்து போல்ட்டை வெளியே எடுத்தார். ‘புது’ போல்ட்டின் அடியில் மூன்று எண்கள் குத்தியிருந்தன. என் துப்பாக்கி நம்பரின் கடைசி மூன்று எண்கள். லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனையில் சுத்தியல் தடம், அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு 300 டிகிரி பக்கம் சூடேறினால்தான் அந்த நீலம் வரும். முனை அதைவிட அதிகமாகக் காய்ந்திருக்கும். அதோடு பதம் போய்விடும். சின்ன அரத்தை வைத்தார், வழுக்க வேண்டிய அரம் கடித்து இழுத்தது. பதம் போன இரும்பை வைத்துக்கொண்டு என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் சுட்டிருக்கிறேன்.

மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் போல்ட் மேல் பிடித்துக் கருக்கி, மாட்டி, மூடித் திறந்தார். ஒட்டுகிற இடத்தில் கரி அழிந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் அழிந்திருந்தது. அந்த இடத்தில் கிரீஸை வேறு அப்பி வைத்திருந்தார்கள்; சாய்வாக ஒட்டும் முகத்தில் கிரீஸ் இருந்தால் அதிர்ச்சியில் வழுக்கத்தான் செய்யும். அங்கே துணியால் துடைத்தபின் மிஞ்சும் எண்ணெய் போதும் என்றார்.

லீவரையும் கவனிக்கச் சொன்னார். மூடியபின் லீவர் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் இன்னும் தேய இடம் இருக்கிறது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் காட்டியாக வேண்டும். தானாக முழுக்கத் திரும்பாமல் கட்டைவிரலால் தள்ளினால்தான் உட்கார்கிறது என்றால், முதலில் பள்ளத்திலும் காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்டிராக்டருக்கு அடியிலும் காய்ந்த எண்ணெய், செம்மண், கடலைத்தொலி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதோடு சரியாகிப்போன துப்பாக்கிகளும் உண்டாம்.

என்னுடையதற்குப் பள்ளத்தை வெல்டு வைத்து நிரப்பி வெட்டி, புதிதாகப் போல்ட் செய்து, புகை பிடித்துப் பிடித்து அராவிப் பொருத்த வேண்டும் என்றார். கீலுக்குத் தனியாகப் பெரிய ஆணி. செலவு முதல் கடையைப் போல மூன்று மடங்கு. அச்சடித்த ரசீதில் நம்பரோடு எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

துண்டுச் சீட்டு, போனில் பணம் அனுப்பிய பதிவு, போல்ட் எண்ணின் படம், மேஸ்திரி எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் வைத்து லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்கு மனு போட்டாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போகலாம், அதனால் பழைய ஆட்களும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் எங்கே ரிப்பேர் செய்திருந்தாலும் இன்றைக்கே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கீல் பக்கம் பித்தளையோ தகரமோ தெரிந்தால் நெம்பி எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, ஒரு தோட்டா கூடப் போடாமல் வேறு லைசென்ஸ் உள்ள மேஸ்திரியிடம் கொண்டுபோங்கள். எடுத்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.