மியூரிட்ஸ் ஏரிக்கு ஐந்து நாள் சைக்கிளில்: தண்ணீரைவிட மணல்தான் அதிகம் பார்த்தோம்

முதலில் டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏரி அப்புறம். என் அக்கா மகளின் சைக்கிளில் 28 மில்லிமீட்டர் டயர். நான் வாடகைக்கு எடுத்ததில் 42. ஜெர்மனியின் மெக்லன்பர்க் ஏரிப் பகுதியில் நாங்கள் ஓட்டிய ஐந்து நாளில் யார் எப்போது சிரித்தோம், யார் எப்போது வாய்க்குள் திட்டினோம் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது, பெர்லினிலிருந்து கோபன்ஹேகன் போகும் நெடுந்தூர சைக்கிள் பாதையில் ஒரு நடுத்துண்டு. அதோடு மியூரிட்ஸ் ஏரியைச் சுற்றும் வட்டப்பாதை. மொத்தம் ஏறத்தாழ 200 கி.மீ. ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு நாள் வேலை. எனக்கு வயது 56, வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஐந்து நாள் ஒதுக்கினோம். அக்கா மகள், அதாவது என் மருமகள், பெர்லினில் படிக்கிறாள், ஜெர்மன் பேசுவாள். வரைபடம் அவள் பொறுப்பு, பஞ்சர் என் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். ஐந்து நாளில் பஞ்சர் ஒன்றே ஒன்று. வரைபடத்தில் தப்பியது நாலைந்து முறை. கணக்கு எனக்குத்தான் லாபம்.

பெர்லினிலிருந்து ராஸ்டாக் போகும் வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றி, ஒரு மணி நேரத்தில் ஃபூர்ஸ்டன்பெர்க்கில் இறங்கிவிடலாம். கையில் மாத பாஸ் இருந்தாலும் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். கோடையில் சனிக்கிழமை காலை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். சைக்கிள் பெட்டியில் இடம் கொஞ்சம்தான், பெர்லினே கிளம்பி வந்தது போல இருக்கும்.

ஃபூர்ஸ்டன்பெர்க்கில் இறங்கியதும் நேராகக் காட்டுக்குள் போய்விடாதீர்கள். ஊருக்கு எதிர்க்கரையில் ராவன்ஸ்ப்ரூக் இருக்கிறது. 1939 முதல் 1945 வரை நாஜிகள் பெண்களை அடைத்து வைத்த வதைமுகாம். சைக்கிள் பாதையே அதை ஒட்டித்தான் போகிறது. ஏரிக்கரையில் ஒரு உயரமான பீடம். அதன் மேல், துவண்டுபோன இன்னொரு பெண்ணைக் கைகளில் தாங்கி நிற்கும் ஒரு பெண்ணின் சிலை. அவள் முகம் தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. இறந்தவர்களின் சாம்பலைக் கொட்டியது இந்தத் தண்ணீரில்தான். எதிரே ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. அப்படியென்றால் அங்கிருந்து இதுவும் தெரிந்திருக்கும். மருமகள் வரைபடத்தை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விட்டது. அன்றைய ஓட்டம் 35 கி.மீ.யோடு நின்றது அதனால்தான். அதில் வருத்தமில்லை.

வடக்கே போகும் வழி காடு. பைன், மறுபடி பைன், நடுவில் கொஞ்சம் பீச். வழிகாட்டிப் பலகைகள் வெள்ளையில் பச்சை எழுத்து, பெரும்பாலும் சரியான இடத்தில் நிற்கின்றன. ஃபூர்ஸ்டன்பெர்க்கில் படகு ஓடும் ஹாவெல் ஆறு, மேலே போகப் போக ஏரிக்கு ஏரி கைமாறி, ஆங்கர்ஸ்ஹாகன் பக்கத்தில் ஒரு சின்ன ஊற்றாகத் தொடங்குகிறது. அதன் போக்குக்கு எதிராகத்தான் நாங்கள் ஓட்டினோம்.

"ஏரிப் பகுதி, தட்டையாகத்தான் இருக்கும் மாமா" என்று சொல்லித்தான் அவள் என்னைக் கிளப்பினாள். தட்டை இல்லை. பனியூழியில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த மேடுகள் இவை. ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் முடிவதே இல்லை. அதே பனி உருகி ஓடியபோது கொண்டுவந்து பரப்பியதுதான் இங்குள்ள மணல். காட்டுப்பாதையில் நாலு நாள் மழை இல்லையென்றால் அந்த மணல் மாவு மாதிரி ஆகிவிடுகிறது. என் டயர் மிதந்து போகும். அவள் டயர் கத்தி போல இறங்கும். வேசன்பெர்க் தாண்டி ஒரு இடத்தில் அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தாள். நான் முன்னால் போய் ஒரு மர நிழலில் காத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது.

மணலாவது மெத்தை. கிராமங்களுக்குள் கல் பாவிய பழைய தெருக்கள் இருக்கின்றனவே, அவைதான் தண்டனை. உருண்டைத் தலைக் கற்கள், இடையில் இரண்டு விரல் சந்து. மூன்றாம் நாள் அப்படி ஒரு தெருவில் என் கேரியரின் போல்ட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. பை சக்கரத்தில் உரசிய பிறகுதான் தெரிந்தது. வாடகைக்குக் கொடுத்த கடையில் "எல்லாம் பார்த்தாச்சு" என்றார்கள். எதைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, இன்னொரு பக்கத்துப் போல்ட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மருமகள் பையிலிருந்து இரண்டு ஜிப் டை எடுத்துக் கட்டிவிட்டாள். கடைசி நாள் வரை அதுதான் தாங்கியது. கிளம்பும் முன் ஒவ்வொரு திருகையும் நீங்களே முறுக்கிப் பாருங்கள்.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் போட்ட சாலை. சக்கரத்துக்கு ஒரு வரிசை போதும். ஆனால் பலகைக்குப் பலகை ஒரு தடக், ஒரு தடக். ரயிலில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கனமான வண்டிகளுக்காகப் போட்டது. இந்தக் காட்டின் சில பகுதிகள் ஒரு காலத்தில் சோவியத் படைகளின் பயிற்சிக்களம். இது மியூரிட்ஸ் தேசியப் பூங்கா ஆனது 1990 அக்டோபர் 1 அன்று, கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போவதற்கு இரண்டு நாள் முன்னால்.

பழைய கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன் வளர்ந்த பாதிரியார் வீடு ஆங்கர்ஸ்ஹாகனில் இருக்கிறது, இப்போது மியூசியம். வாசலில் குழந்தைகள் ஏறி விளையாட ஒரு பெரிய மரக்குதிரை. உள்ளே போகவில்லை, முழங்கால் வேண்டாம் என்றது. ஃபெடரோவில் மட்டும் நிற்க வேண்டும். இங்கே விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பறவைகள் மின்கம்பங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. ஒரு கூட்டுக்குக் கேமரா வைத்து, தகவல் மையத்தில் திரையில் காட்டுகிறார்கள். நாங்கள் போனபோது குஞ்சுகள் பறந்துவிட்டன, கூடு காலி. காலிக் கூட்டையே பத்து நிமிடம் பார்த்தோம். மே, ஜூனில் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சரி, ஏரி. மியூரிட்ஸ் முழுக்க ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் மிகப் பெரியது, 110 சதுர கி.மீ.க்கும் மேல். பெயருக்கே பழைய ஸ்லாவ் மொழியில் சின்னக் கடல் என்று பொருள். ஏரிக்கரை ஊரான வாரனின் துறைமுகத்தில் நின்றால் அந்தப் பெயர் சரிதான் என்று தோன்றும். ஆனால் நாலாம் நாள் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கியபோது மணிக்கணக்கில் தண்ணீரே கண்ணில் படவில்லை. கரைக்கும் பாதைக்கும் நடுவில் சதுப்பும் நாணலும் காடும். "மாமா, ஏரியை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். வட்டப்பாதையைப் பற்றி என் பெரிய குறை இதுதான். விளம்பரப் படங்களில் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கிறது. நிஜத்தில் ஏரியைப் பார்க்க வண்டியை நிறுத்தி, கிளைப்பாதையில் நடந்து போக வேண்டும்.

அந்தக் குறை தீர்ந்தது ஷ்பெக் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள கேஃப்லிங்ஸ்பெர்க் கோபுரத்தில். தொலைத்தொடர்புக் கம்பமும் காட்டுத்தீ கண்காணிப்பும் சேர்ந்த இரும்புக் கோபுரம், பாதி உயரத்தில் நாம் நிற்க ஒரு மேடை. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு புகார் கொடுத்தது. மேலே போனதும் அது வாயை மூடிக்கொண்டது. மூன்று நாளாக மரத்தை மட்டுமே காட்டிய காடு, அங்கிருந்து பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர். நாங்கள் மணலில் தள்ளிக்கொண்டு நடந்த வழிக்கு இரண்டு பக்கமும் ஏரிகள் இருந்திருக்கின்றன, தெரியவே இல்லை. இந்தக் கோபுரத்தை நாலாம் நாள் ஏறியதுதான் எங்கள் தப்பு. வாரனில் தங்கி, முதல் வேலையாக இங்கே வந்துவிடுங்கள்.

மேற்குக் கரை நேர்மாறு. ரெப்லிலிருந்து வாரன் வரை வயல்வெளி அதிகம், தரை நன்றாக இருக்கிறது, ஏரியும் தலைகாட்டுகிறது. காற்றுக்கு மட்டும் மறைவில்லை. அது பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வருவதால், எங்களைப் போலத் தெற்கிலிருந்து வடக்கே வந்தால் நல்லது. களைத்துவிட்டால் படகும் உண்டு. ஏரியில் ஓடும் பயணிகள் படகுகள் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும், இடம் இருந்தால்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஞாயிறு தவிர. கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கடை என்று எதுவும் இல்லை. காலையில் ரொட்டிக்கடை சில மணி நேரம் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். கரையோரம் புகையிட்ட மீன் கிடைக்கும். விலாங்கு எனக்குப் பிடித்தது. அவளுக்கு மரேனே என்ற வெள்ளை மீன், ரொட்டிக்குள் வெங்காயத்தோடு. தங்குமிடத்துக்கு 'பெட் அண்ட் பைக்' பலகை தொங்கும் இடங்களைத் தேடுங்கள். ஒரே ஒரு ராத்திரிக்கும் அறை தருவார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் இருக்கும், நனைந்த துணியை உலர்த்தலாம். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை. ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், அக்குளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒன்று கிடைத்தது. அதைப் பிடுங்கச் சின்ன இடுக்கி மருந்துக்கடையில் விற்கிறது.

மார்க் கேட்டால், பாதைக்கு ஐந்துக்கு நாலு. கிழக்குக் கரைக்கு மூன்று, கோபுரத்துக்கு ஐந்து. 40-க்குக் குறைவான டயரோடு போகிறவர்கள் என் மார்க்கை நம்ப வேண்டாம், மருமகளிடம் கேளுங்கள். அவள் இரண்டரைக்கு மேல் தர மாட்டாள்.

இன்னொன்று. மழைக்கோட்டைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ரெப்லுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. என்னுடையது அடியில் இருந்தது.