தாயக்கட்டையில் விழுந்த சுரங்கள்: மூன்றாண்டு கிட்டார் அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் 11 ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். பாமாலைகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் கார்டு, அதாவது சுரக்கூட்டு, பிடிக்க அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு ரிஃப் அமைக்கலாம் என்று உட்காரும்போதெல்லாம், ஆற்றில் கிடந்துவிட்டு மாலையில் தானாகவே தொழுவுக்குத் திரும்பும் எருமையைப் போல, என் விரல்கள் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கோடுகள் பிரிக்கும் இடங்களில் ஐந்தாவது) உள்ள அதே பெண்டாடோனிக், அதாவது ஐந்து சுர, கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டன. பாட்டின் அடியில் திரும்பத் திரும்ப வந்து அதற்கு ஓர் அடையாளம் தரும் சிறு சுரத்தொடரைத்தான் ரிஃப் என்கிறோம். என்னிடம் உருவான தொடர்களில் பெரும்பாலானவை வேறு யாருடைய அடையாளமாகவோ இருந்தன.

சுரங்களைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டு மற்றதை மட்டும் நான் பார்த்துக்கொள்வது என்ற முடிவுக்கு வந்தது 2022-இல். அன்றிலிருந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடாமல் செய்து பார்த்ததில் எது பயன்பட்டது, எது வீண் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் கைப்பேசியில்தான் தொடங்கினேன். ஒன்று முதல் 12 வரை ஏதாவதோர் எண்ணைத் தரும் செயலி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சுரம். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. அந்த எளிமையே அதன் குறை என்பது புரிய இரண்டு மாதங்கள் ஆயின. வந்த வரிசை பிடிக்கவில்லையென்றால் பொத்தானை மறுபடி அழுத்தலாம், அழுத்தினேன், பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். இறுதியில் நான் தேர்ந்தெடுத்தவை எல்லாம் என் விரல்கள் ஏற்கெனவே அறிந்திருந்த தொடர்களாகவே இருந்தன. பழைய ரசனை முன்வாசல் வழியாக வெளியேறிப் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகுதான் ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டைகளைப் பரணிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் நீளவாக்கில் நான்கு முகங்கள்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை. விளையாட்டில் செய்வதைப் போல இரண்டையும் கூட்டினால் இங்கே சரிப்படாது. 16 சேர்க்கைகளில் மூன்று என்ற கூட்டுத்தொகை நான்கு முறையும், ஆறு ஒரே ஒரு முறையும் வருவதால், சில சுரங்கள் மட்டும் ஓயாமல் விழும். அதனால் ஒரு கட்டையின் முனையில் சிவப்பு நகப்பூச்சைத் தடவி அதை முதற்கட்டை என வைத்துக்கொண்டேன். முதற்கட்டையின் எண்ணை நான்கால் பெருக்கி, மற்றதன் எண்ணைக் கூட்டினால் 0 முதல் 15 வரை எல்லா எண்களும் சம வாய்ப்புடன் கிடைக்கும். 12 சுரங்களும் வேண்டுமென்றால், முதற்கட்டையில் மூன்று விழும்போது மட்டும் மறுபடி எறிய வேண்டும்.

இந்த 12 சுர முறையில் மூன்று மாதங்கள் உழைத்தேன். பயன் மிகக் குறைவு என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வந்த வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிற்க ஓர் இடமில்லை. எந்தச் சுரம் வீடு, எது வெளியூர் என்று காதுக்குப் பிடிபடவில்லை. 1920-களில் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் வகுத்த பன்னிரு சுர முறையோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். 12 சுரங்களும் வந்து முடியும்வரை எதுவும் மீளக்கூடாது என்று இசையமைப்பாளரே திட்டமிட்டு வரிசையை அமைக்கும் முறை அது. தற்செயலாக 12 முறை எறிந்து 12 சுரங்களும் வெவ்வேறாக விழும் வாய்ப்பு ஏறத்தாழ 18,600-இல் ஒன்றுதான்.

தற்செயலுக்கு வேலி வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1757-இல் ஜெர்மனியைச் சேர்ந்த இசையமைப்பாளர் கிர்ன்பெர்கர் பகடை எறிந்து நடன இசை அமைக்கும் முறையை வெளியிட்டபோது, ஒவ்வோர் இடத்துக்கும் பொருந்தக்கூடிய இசைத்துண்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அவற்றில் எது என்பதை மட்டுமே பகடை தீர்மானித்தது. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத் தூண்களைச் சிறுவயதில் கண்டபடி தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. எதைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் எது ஒலிக்கலாம் என்பதைச் சிற்பி எப்போதோ முடிவு செய்திருந்தார்.

எனவே ஐந்து சுரங்களுக்கு இறங்கி வந்தேன். ச (சட்ஜம்), க (காந்தாரம்), ம (மத்திமம்), ப (பஞ்சமம்), நி (நிஷாதம்): சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள், கிட்டார்க்காரர்கள் மைனர் பெண்டாடோனிக் என்று அழைப்பதும் இதையே. 1 முதல் 3 வரை ச, 4 முதல் 6 வரை க, 7 முதல் 9 வரை ம, 10 முதல் 12 வரை ப, 13 முதல் 15 வரை நி. இரண்டு கட்டைகளிலும் வெறுமை விழுந்து பூச்சியம் வந்தால் மௌனம். தாயத்தில் அதற்குப் பன்னிரண்டு என்று பெயர், மிகப் பெரிய எண்ணிக்கை. என் நோட்டில் அது வெற்றிடம். இந்த மௌனத்தைக் கணக்கு சரியாக வகுபட வேண்டும் என்பதற்காகத்தான் சேர்த்தேன். மொத்த ஏற்பாட்டிலும் அதிகம் பயன் தந்தது அதுவே என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஒரே ஓர் எறிதலை முழுதாகக் காட்டுகிறேன். 2023 ஆனி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் காற்று இங்கேயும் எட்டிப்பார்த்த ஒரு மாலையில், எட்டு முறை எறிந்ததில் 2, 1, 14, 11, 0, 5, 8, 4 என்று விழுந்தன. சுரமாக எழுதினால் ச ச நி ப, மௌனம், க ம க. தடித்த ஈ தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால், அதைத் திறந்தபடி இருமுறை, ஏ தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட், அதே தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், ஒரு நிறுத்தம், பிறகு மீண்டும் ஈ தந்தியில் மூன்று, ஐந்து, மூன்று. முதல் நாள் இது வெறும் படிக்கட்டு இறங்குவது போல இருந்தது. மௌனம் விழுந்த இடத்தில் ஒரு பஞ்சமத்தைப் போட்டு நிரப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி திண்ணையில் இருந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏ தம்பி, அந்த எடத்த நெரப்பாத. அங்கன மூச்சு விடணும்லா.”

நிரப்பாமல் விட்டபோதுதான் தொடர் இரண்டாகப் பிரிந்து, கேள்வியும் பதிலுமாக நின்றது. அண்ணாச்சி தொடையில் தட்டிக் காட்டிய ஐந்தின் நடையில், அதாவது கண்ட சாபுவில், இதைப் பொருத்தினோம். பத்துச் சிற்றெண்ணிக்கைகளில் முதல் நான்கில் ச ச நி ப அடங்கியது. மீதி ஆறில் மௌனமும் க ம க-வும் நான்கை எடுத்துக்கொள்ள, கடைசிக் காந்தாரம் இரண்டு எண்ணிக்கைகள் கூடுதலாக நீண்டது. ஒரு சுரத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அந்தக் காந்தாரம் சட்ஜத்துக்குப் போகத் தவித்துக்கொண்டு நிற்பதால், அடுத்த சுற்றின் முதல் ச தானாக வந்து விழுகிறது. எங்கள் குழுவின் இளைஞர் கூட்டத்துக்காக நான் அமைத்த பாட்டொன்று இன்றும் இந்தத் தொடரில்தான் தொடங்குகிறது.

இந்த அனுபவத்திலிருந்து என் வேலை முறை முற்றிலும் மாறியது. சுரத்தைக் கட்டை தீர்மானிக்கும். தாளம், எந்த ஸ்தாயியில் (மேல் மட்டமா, கீழ் மட்டமா) வாசிப்பது, எதை நீட்டுவது, எதை அழுத்தி மியூட் செய்வது ஆகியவை என் பொறுப்பு. எல்லாவற்றையும் கட்டைக்கே விட்டுப் பார்த்த மாதமும் உண்டு. கால அளவையும் எறிந்து முடிவு செய்தபோது கிடைத்தது, பழுதான தையல் இயந்திரத்தின் ஓசைக்கு ஒப்பானது.

மீள்சுரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதன் மனத்துக்குள் தற்செயலாக ஒரு வரிசையை யோசித்தால், ஒரே சுரம் அடுத்தடுத்து வருவதைத் தன்னையறியாமல் தவிர்ப்பான். கட்டைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மௌனத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஐந்து சுரங்களில் எட்டு எறிதல்களுக்கு, எங்காவது ஒரு சுரம் உடனடியாக இரட்டிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 79 சதவீதம். இந்த இரட்டைகள்தாம் ரிஃபுக்கு முதுகெலும்பு. எலெக்ட்ரிக் கிட்டாரில் வலது உள்ளங்கையைத் தந்திகள் ஊன்றியிருக்கும் பிரிட்ஜின் மேல் இலேசாக வைத்து அவற்றை அடித்தால் தவில் சொல் போல உறுதியாக விழுகின்றன. அக்கூஸ்டிக் கிட்டாரில் அதே இரட்டைகள் சற்றுச் சோர்ந்து போகின்றன என்பதையும் பதிவு செய்கிறேன். அங்கே இரண்டாவது சுரத்தை வேறு தந்தியில் எடுப்பது நல்லது.

நீளத்தைப் பொறுத்தவரை ஆறு முதல் எட்டு எறிதல்கள் போதும். 16 எறிந்து அமைத்தவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை, கேட்பவருக்கு நினைவில் நிற்காததே காரணம். நீண்ட தொடர் வேண்டுமென்றால், நான்கு எறிந்து, அதையே மறுபடி எழுதி, கடைசிச் சுரத்தை மட்டும் புதிதாக எறிவது எனக்குப் பலித்திருக்கிறது.

கட்டைகள் பற்றி ஒரு குறை. பழையவற்றுக்குத் தேய்மானம் இருக்கும். பல மாதங்களாக என் தொடர்கள் மத்திமத்தையும் பஞ்சமத்தையுமே சுற்றி வருவதாக ஐயம் எழுந்து, சிவப்புக் கட்டையை 200 முறை எறிந்து குறித்துப் பார்த்தேன். 50-ஐ ஒட்டி வர வேண்டிய இரண்டு புள்ளி, 71 முறை வந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. நகப்பூச்சைச் சுரண்டிவிட்டு, அதை இரண்டாம் கட்டையாக மாற்றிக்கொண்டேன். அந்த இடத்தில் அதன் சாய்வு ச, க, ப, நி ஆகிய நான்குக்கும் பங்காகிவிடுகிறது. மத்திமத்துக்கு மட்டும் சிறிது நட்டம். இரவு நேரத்தில் பித்தளை தரையில் விழும் ஓசைக்கு வீட்டில் எதிர்ப்பு எழுந்ததால், இப்போது பத்தமடைப் பாயின் மேல்தான் எறிகிறேன்.

ராகப் பெயர்களை இங்கே தாராளமாகப் பயன்படுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. சுத்த தன்யாசியின் சுரங்களை எறிந்தேன் என்பது சரி. சுத்த தன்யாசியில் ரிஃப் அமைத்தேன் என்பது மிகை. சுரம் எந்த வரிசையில் போகிறது, எங்கே அசைகிறது என்பதில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. ஆனந்த பைரவி, சஹானா போன்று வளைந்து செல்லும் ராகங்களை எறிந்து பார்த்தபோது, சுரங்கள் இருந்தன, ராகத்தைக் காணவில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் உள்ள மாவட்டத்தில் இதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கிடைப்பதெல்லாம் புதியதுதானா என்று கேட்பவர்களுக்கு: உறுதியில்லை. ஐந்து சுரங்களில் எட்டு இடங்கள் என்றால் 3,90,625 வரிசைகள்தாம். அவற்றில் காதுக்கு இனியவற்றை உலகில் யாரோ ஏற்கெனவே வாசித்திருக்கக்கூடும். ஒருமுறை பெருமையோடு வாசித்துக் காட்டிய தொடரை, குழுவில் உள்ள பத்தாம் வகுப்பு மாணவன் ஒரு சினிமாப் பாட்டின் இடையிசை என்று அடையாளம் காட்டினான். ஒப்பிட்டுப் பார்த்தேன், தாளமும் ஒன்றாகவே இருந்தது. அன்றே கைவிட்டேன். கட்டை திருடுவதில்லை என்றாலும், தாளத்தை என் நினைவு எங்கிருந்தோ எடுத்திருக்க வேண்டும்.

ஜங்ஷனில் வாங்கிய இரண்டு நீள நோட்டுகளில் இதுவரை 340-க்கு மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன. 31-க்குச் சரிக் குறி போட்டிருக்கிறேன், ஆறு பாட்டாக மாறியுள்ளன. இந்த விகிதம் மோசமில்லை என்பது என் கணிப்பு. கட்டை இல்லாத 8 ஆண்டுகளில் இரண்டே இரண்டு பாட்டுகள்தாம் அமைத்தேன். அதைவிட, கட்டையைத் தொடாமல் வாசிக்கும் நாட்களிலும் என் கை இப்போது அந்த ஐந்தாம் ஃப்ரெட் கட்டத்துக்கு உடனே ஓடுவதில்லை. தாழ்ந்த தந்திகளில் சிறிது நேரம் சுற்றுகிறது, நடுவில் நிற்கவும் துணிகிறது.

கைப்பேசிக் காலத்துத் தவறு திரும்பாமலிருக்க இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் இன்றும் விடவில்லை. ஓரிரவில் மூன்று வரிசைகளுக்கு மேல் எறிவதில்லை. எந்த வரிசையையும், சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை வைத்து 20 முறை வாசிக்காமல் நோட்டில் அடித்துவிடுவதில்லை. சென்ற சனிக்கிழமை விழுந்தது நி நி நி ச, மௌனம், மௌனம், ப க. இரண்டு மௌனங்கள் அடுத்தடுத்து விழுந்தது இதுவே முதல் முறை. 14 முறை வாசித்தாகிவிட்டது, இதுவரை சகிக்கவில்லை. இன்னும் ஆறு பாக்கி.