பழைய லேப்டாப்பில் விண்டோஸ் போடப் போய் அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுதாமலே விட்டுவிடுவேன். போனது அரை மாதச் சம்பளம். அதுவும் எனக்கு ஏற்கெனவே சொந்தமாக இருந்த ஒன்றுக்காக.

என் லேப்டாப் விண்டோஸ் 8 காலத்தது. அப்புறம் இலவசமாக 10-க்கு மாறியது. சில மாதங்களாக ஒரு ஃபோல்டரைத் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற நிலை. விண்டோஸைப் புதிதுபோல ஆக்கும் ரீசெட்டைக் கொடுத்தேன், பாதியில் நின்று 'எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று பழைய திரைக்கே திரும்பியது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவியை வைத்து யூஎஸ்பி தயாரித்து, அதிலிருந்த செட்டப்பை ஓட்டினேன். 80070570 என்று முடியும் பிழை. இன்னொரு யூஎஸ்பி, அதே பிழை. இரவு பதினொன்றுக்கு அந்த எண்ணைத் தேடியபோதுதான், இருந்த இடத்திலிருந்தே சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஒரு ஆன்லைன் சேவைத் தளம் கண்ணில் பட்டது.

நான் ஒன்றும் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. சாட்டில் வந்தவர் முதலில் கேட்ட கேள்விதான் என்னைச் சாய்த்தது: "சார், குடும்பப் படங்கள் ஏதாவது இதில் இருக்கிறதா? முதலில் அதை வேறு எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்." நாற்பது நிமிடம் காத்திருந்தார். ஏமாற்ற வந்தவன் நம் படங்களைப் பற்றிக் கவலைப்படுவானா என்று நினைத்தேன். என் கணினியை அவர் தூரத்திலிருந்தே இயக்குவதற்கான ரிமோட் மென்பொருளை நானே என் கையால் இறக்கி, அதில் வந்த எண்ணையும் வாசித்துக் காட்டினேன்.

உள்ளே வந்தவர், கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள். "பார்த்தீர்களா சார், எத்தனை பிழை!" நன்றாக ஓடுகிற கணினியில்கூட அங்கே அப்படி ஒரு கூட்டம் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்து, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதனால் உங்கள் உரிமமும் செத்துவிட்டது, புதுக் கீ (உரிமத்துக்கான எண்) இல்லாமல் நிறுவல் ஏறாது என்றார். முதல் பாதி உண்மை, மீதி முழுப்பொய். ஆதரவு முடிந்தால் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிற்கும்; உரிமம் எங்கேயும் போகாது. ஒருமுறை ஆக்டிவேட் ஆன, அதாவது உரிமம் உறுதியான, விண்டோஸ் 10-இன் உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். மறுபடி நிறுவும்போது 'கீ இல்லை' என்று சொல்லிவிட்டு, அதே பதிப்பைப் (ஹோம் என்றால் ஹோம்) போட்டால் போதும்.

இதெல்லாம் தெரிந்தது பிறகு. அன்றிரவு கீக்கும் சேவைக்கும் சேர்த்து அரை மாதச் சம்பளத்தைக் கார்டில் கட்டினேன். கீயைப் போட்டார், செட்டப்பை ஓடவிட்டார், "காலையில் புது லேப்டாப் மாதிரி இருக்கும்" என்று சொல்லிக் கிளம்பினார். காலையில் அதே பழைய விண்டோஸ், அதே 80070570.

கேட்டேன். முதல் நாள்: 24 மணி நேரம் பொறுங்கள். இரண்டாம் நாள் வேறொருவர், முதலிலிருந்து கதை சொல்லச் சொன்னார். மூன்றாம் நாள்: இது ஹார்ட்வேர் கோளாறு, எங்கள் சேவையில் சேராது. பணம்? கீ ஒருமுறை பயன்படுத்தியாயிற்று, திருப்பித் தர முடியாது சார். அந்தக் கீயின் லட்சணத்தைச் செட்டிங்ஸில் பார்த்தேன்: 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' இயங்குகிறதாம். எனக்கு ஏது நிறுவனம்? பெரிய அலுவலகங்களுக்கான முறை அது. 180 நாளுக்குள் அலுவலக சர்வரோடு பேசிப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். அரை மாதச் சம்பளம் கொடுத்து ஆறு மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன், அதுவும் திருட்டு வாடகை.

வயிறு எரிவது இதற்குக்கூட இல்லை. அன்றிரவு ஈவென்ட் வியூவர் திரையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். நேற்று பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் நாலைந்து வரிகளில் 'டிஸ்க்', எண் 7. ஹார்ட் டிஸ்கில் கெட்டுப்போன பகுதி இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், மஞ்சளில் 'எச்சரிக்கை' காட்டியது. அந்த 80070570-க்கும், கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்றுதான் பொருள். ஒன்றுக்கும் உதவாத சிவப்புக் குறிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டியவர், உண்மையான காரணம் இருந்த வரிகளின் மேல் மவுஸை நகர்த்திக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தை மாட்டி, பழைய ஹோம் பதிப்பையே போட்டேன். இணையத்தில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. யாரும் ஒரு கீயும் கேட்கவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. நிறுவல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் யூஎஸ்பியை மாற்றுங்கள், பிறகு டிஸ்கையும் ரேமையும் சோதியுங்கள், அதன் பிறகு மற்றதெல்லாம். ஈவென்ட் வியூவரைக் காட்டிப் பயமுறுத்தினால் இணைப்பைத் துண்டியுங்கள். ரிமோட் மென்பொருளை அழித்துவிடுங்கள். என்னுடையது கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் புகார் கொடுங்கள், நான் மூன்று நாள் 'பொறுங்கள்' கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போதும் பக்கத்தில் அவர்களுடைய சாட் திறந்துதான் இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் 14 பேராம்.