இஞ்சிபியர் புளிக்க: பழைய ஃபிரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

கொழும்பில் மார்கழி, சித்திரை என்று சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. பகலில் 30, 31 பாகை, விடியப்புறம் 23 முதல் 25. இந்தச் சூட்டில் இஞ்சிபியர் வைத்தால் ஈஸ்ட் நிதானமில்லாமல் ஓடும். இரண்டாம் நாளே போத்தல் கல்லாக இறுகும். இஞ்சியின் காரத்துக்கு மேலே ஈஸ்ட் வாடை நிற்கும். அதையே 18 முதல் 20 பாகைக்குள் வைத்தால் நான்கைந்து நாள் எடுத்துப் பக்குவமாக வரும். (பியரும் வைனும் காய்ச்ச இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். நான் சொல்வது கிறிஸ்மஸுக்கு வீட்டில் ஊறவைக்கும் இஞ்சிபியர் பற்றி மட்டுமே.)

வாளியைச் சுற்றி ஈரத்துணி கட்டுவது கொழும்புக்குச் சரிவராது. காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்போது துணி எப்படிக் காயும்? மூன்று, நான்கு பாகை இறங்கினால் பெரிய காரியம்.

அடுத்தது ஐஸ் வைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. மீன்கடையில் கிடைக்கும் பெரிய பெட்டி ஒன்றைக் கழுவி, பத்து லீற்றர் வாளியை உள்ளே இறக்கி, பக்கத்தில் ஐஸ் கட்டிய ஒன்றரை லீற்றர் போத்தல்களை வைப்பது. ஒரு வருடம் இப்படித்தான் செய்தேன். தொடங்கச் செலவே இல்லை, வெள்ளவத்தை ஃபிளாற்றில் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம். எப்போதாவது ஒருமுறை செய்பவருக்கு இதுவே போதும்.

ஆனால் ஐஸ் சும்மா வருவதில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை இழுக்கிறது. அந்தச் சூட்டை முதலில் வெளியேற்றியது வீட்டு ஃபிரிட்ஜ்தான், அதன் கரண்ட் நமது பில்லில்தான் ஏறுகிறது. அதைவிடக் கஷ்டம், காலையும் இரவும் போத்தல் மாற்ற ஆள் வேண்டும். காலையில் 17இல் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் பின்னேரம் வரும்போது 24. ஈஸ்ட் நன்றாக வேகம் பிடிக்கும் இரண்டாம் நாளில்தான் இந்த ஏற்ற இறக்கம் அதிகம்.

இப்போது என்னிடம் இருப்பது மாமி வீட்டு ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ். தெர்மோஸ்டாட் பழுதாகி, நிற்காமல் ஓடி, மரக்கறியெல்லாம் உறைந்துபோனதால் கழித்துவிடப்பட்டது. எனக்கு அது குறையே இல்லை. வெளியில் பூட்டும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிதான் கரண்டைக் கொடுத்தும் வெட்டியும் வேலை செய்யப்போகிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் எஸ்.டி.சி. 1000 போன்ற கருவி கிடைக்கும். வயரிங் தெரியாதவர் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது. 19 பாகை, 1 பாகை இடைவெளி (20க்கு ஏறினால் ஓடும், 19இல் நிற்கும்), கொம்பிரசர் மறுபடி ஓட ஐந்து நிமிடத் தாமதம் என்று வைத்திருக்கிறேன். சென்சரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பொஞ்ச் வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கொம்பிரசர் துள்ளும். வயரைக் கதவு ரப்பருக்கு இடையால் விடுங்கள், ஃபிரிட்ஜின் சுவரில் துளை போடவே வேண்டாம். குளிரூட்டும் வாயுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதிய ரகங்களில் அதற்குள் இருக்கும் ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றும்.

எல்லாரும் கொம்பிரசரைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு வேலை வைத்தது பூஞ்சணம். 4 பாகையில் ஓடும் ஃபிரிட்ஜில் ஈரம் ஐஸ் தட்டில் உறைந்து அங்கேயே கிடக்கும். 19 பாகையில் கொம்பிரசர் கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது. தட்டில் பிடித்த பனி, அது நின்றவுடன் உருகித் திரும்பக் காற்றில் கலக்கிறது. மூடிய பெட்டி, ஈரம், இதமான சூடு. மூன்றாம் வாரமே கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள். அந்தத் தடவை வைத்ததில் பழைய அலுமாரி வாடை ஏறி, முழுவதையும் ஊற்ற வேண்டியதாகிவிட்டது. பத்து லீற்றர் போனது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது அலுமாரிக்கு வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று எப்போதும் உள்ளே இருக்கும். சனிக்கிழமைகளில் ரப்பர் மடிப்பை வினாகிரித் துணியால் துடைத்து, பின்னால் தண்ணீர் வடியும் துளையை ஈர்க்கால் குத்திவிடுகிறேன். உள்ளே ஒன்றும் புளிக்க வைக்காத நாட்களில் பிளக்கைக் கழற்றி, கதவிடையில் ஒரு கட்டையை வைத்துத் திறந்தே விடுவேன். எல்லாம் பத்து நிமிடம். ஐஸ் பெட்டி தினமும் இரண்டு தடவை கேட்டதை இது வாரத்துக்கு ஒருதரம்தான் கேட்கிறது, அதனால்தான் ஃபிரிட்ஜ் பக்கம் சாய்ந்தேன்.

இந்தக் கொம்பிரசர் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல என் பதினான்கு மாத அனுபவம் போதாது. 2022இல் போலப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டினால் என்ன ஆகும் என்றும் இதில் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் வெட்டியபோது வாளி ஒரு பாகைகூட ஏறவில்லை. ரெஜிபோம் பெட்டியை இன்னும் எறியவில்லை, பரணில் இருக்கிறது.