வத்தல்மலை இறக்கத்துக்கு எந்த டிஸ்க் பிரேக்: ஷிமானோவா, ஸ்ராமா?

தருமபுரிப் பக்கம் மலை சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எதுண்ணா நல்லா பிடிக்கும்?" என்பதுதான். ஷிமானோ டியோர் எம்6120, ஸ்ராம் கோடு ஆர் இரண்டுமே நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. ஒரே விரலில் பின்சக்கரம் பூட்டிவிடும், சுழலாமல் நின்றுவிடும். பூட்டுவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச இழுப்பில் விரலுக்கு என்ன தெரிகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

டியோர் லீவரில் சர்வோ வேவ் என்ற அமைப்பு இருக்கிறது. இழுக்கத் தொடங்கியதும் பேட் (பிடிக்கும் கட்டை) வேகமாக ரோட்டாரை (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை) நெருங்கும். தொட்ட பிறகு நெம்புவிசை கூடும். அதனால் பிடி சட்டென்று வரும். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் திடீரென்று நிற்க வேண்டி வந்தால் இது பெரிய தைரியம்.

கோடு ஆரில் பிடி படிப்படியாக ஏறும். அழுத்துகிற அளவுக்குத்தான் பிடிக்கும். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவில் ஓரமாக மணலோ பொடி ஜல்லியோ கிடந்தால், முன்சக்கரம் ஒரு நொடி பூட்டினாலும் ஆள் கீழே. முன் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே உள்ளே நுழைய வேண்டும். டயர் நழுவுவது தெரிந்ததும் விரலை நூலளவு தளர்த்த வேண்டும். கோடு ஆர் இதற்குச் சொன்னபடி கேட்கும். டியோரிலும் பழகினால் வரும். ஆனால் பாதி இறக்கத்தில் கை சோர்ந்துபோனால் விரல் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடும். மண்பாதைக்கு என் ஓட்டு கோடு ஆருக்குத்தான். தார்ச்சாலையே அதிகம் என்றால் தயங்காமல் டியோர்.

பிடி போதவில்லை என்று பிரேக்கையே மாற்றாதீர்கள், முதலில் ரோட்டாரைப் பாருங்கள். 160 மி.மீ.யிலிருந்து 203-க்குப் போனால், அதே விரல் அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை கால் பங்குக்கு மேல் கூடும், சூட்டையும் அதிகம் தாங்கும். ஃப்ரேமும் ஃபோர்க்கும் அந்த அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பேட், அதில் ரெசின் (பிசின் கலந்தது), மெட்டல் (உலோகம் கலந்தது) என்று இரண்டு வகை. ரெசின் சத்தமில்லாமல் உடனே பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் தளரும். மெட்டல் சூட்டையும் மழையையும் தாங்கும். விலை குறைந்த சில ஷிமானோ ரோட்டார்களின் மேலேயே ரெசின் பேட் மட்டும் போடச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் போட்டால் ரோட்டார் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஆயில் கணக்கு தனி. கோடு ஆருக்கு டாட் 4 அல்லது 5.1 என்ற ரகப் பிரேக் ஆயில். டாட் 4 பைக் மெக்கானிக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாளாக ஆகக் கொதிநிலை இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உரித்துவிடும். டியோருக்கு ஷிமானோ மினரல் ஆயில், முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது ஈரம் இழுக்காது. அவசரத்துக்குக்கூட ஒன்றில் மற்றதை ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு, பிரேக்கே வீணாகிவிடும்.